மந்திரி வீட்டு நொண்டிக்கோழி

"அறுத்துக் குழம்பு வையுங்கடா!" என்று சிம்மாசனத்தை விட்டு எழுந்து கத்தினார் ராஜா. மந்திரி காளத்தியின் கக்கத்தில் இருந்த கோழி மிரண்டுபோய் ஒருதரம் சிறகை உதறியது. அதன் இடது கால் முறிந்து, ஒடிந்த முருங்கைக் கிளை மாதிரி தொங்கியது.

எந்த ராஜா, எந்த ஊர் என்று கேட்பீர்கள். வெகுகாலத்துக்கு முன்னால் நெல்லிவன நாட்டை ஆண்ட மதங்க பூபதிதான் அந்த ராஜா. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் புத்தி வெயிலும் மழையும் ஒன்றாக அடிக்கிற வானம். அன்றைக்குச் சபை முழுக்க மந்திரிக்காகக் காத்துக் கிடந்தது. மந்திரியோ கோழியும் கையுமாக வந்து நிற்கிறார்!

"மகாராஜா, நம்ம தளவாய் குதிரையை எங்க வேலி மேல தாண்டவிட்டாரு. அது கொல்லையில மேய்ஞ்ச கோழிக் காலை மிதிச்சுருச்சு. ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துர்றேன்."

படையை நடத்துகிற தளவாய் செண்டலங்காரனுக்கு மந்திரி பதவி மேல் ரொம்ப நாளாகக் கண். மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

"கேட்டீங்களா மகாராஜா? எல்லையில எதிரி நிக்கிறான், மந்திரியார் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறார்!"

"எல்லையில எதிரி நிக்கிறப்போ, தளவாய்க்கு என் கொல்லையில என்ன வேலை?" என்றார் காளத்தி.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்த சூட்டிலேயே அவருக்கு ஒரு கிறுக்கு பிடித்தது.

"சரி! இன்னைக்குப் பௌர்ணமி. அடுத்த பௌர்ணமி அன்னைக்கு இந்தக் கோழி ரெண்டு காலாலயும் என் சிம்மாசனத்துக்கு முன்னால ஓடணும். ஓடிட்டா நீர் மந்திரி. ஓடலைன்னா கோழி குழம்பு, உம்ம முத்திரை மோதிரம் தளவாய்க்கு!"

தளவாய் விடுவானா? "அப்போ கோழி நம்ம சபைக்கு விருந்தாளி, மகாராஜா. இங்கேயே ஓரமா இருக்கட்டும். காலுக்கு வைத்தியம் பண்ணட்டும், வேண்டாங்கலை. ஆனா விருந்தாளியைக் கட்டிப்போடக் கூடாது, கூடை போட்டுக் கவுக்கக் கூடாது."

"ஆமா! மீறினவனுக்குச் சவுக்கடி!"

காளத்தி மூங்கில் சிம்பு வைத்து, துணி சுற்றிக் காலைக் கட்டினார். கோழி எழுந்து ஒரு தத்து தத்தியது. கட்டு அவிழ்ந்தது. மறுபடி கட்டினார். மறுபடி தத்தல். அசையாமல் கிடந்தால்தான் எலும்பு கூடும். எந்த ஊர்க் கோழி சும்மா கிடக்கும்?

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி மனைவி தையல்நாயகியிடம் புலம்பினார்.

"பாவம், முந்தாநாளுதான் அடைகாக்க ஆசைப்பட்டுக் கொர்கொர்னு கத்த ஆரம்பிச்சுது. தண்ணியில முக்கி அடையைத் தெளிய வைக்கலாம்னு இருந்தேன்," என்றாள் அவள்.

மந்திரி எச்சில் கையோடு துள்ளி எழுந்தார். "அடையா! அடி இவளே, முட்டை எடு!"

"கோழி முட்டை ஏது? வாத்து முட்டைதான் கெடக்கு."

"அதுதான்டி வேணும்! கோழி முட்டைன்னா மூணு வாரத்துல குஞ்சு வந்து இதைக் கிளப்பிவிட்டுரும். வாத்துக் குஞ்சு வர இன்னும் ஒரு வாரம் கூடப் பிடிக்குமே!"

அவ்வளவுதான். சபை ஓரத்தில் வைக்கோல் கூடை, கூடையில் வாத்து முட்டை, முட்டை மேல் கோழி. காலில் சிம்புக் கட்டு மட்டும்; கட்டிப்போடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. முரசு அடித்தார்கள், அசையவில்லை. ஒருநாள் யானையே வந்து பிளிறியது. ம்ஹூம்! கம்பும் தண்ணீரும் மந்திரி கையாலேயே ஊட்டினார்.

மூன்று வாரம் போனது. குஞ்சு வரவில்லை. தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன மந்திரியாரே, கோழியும் நொண்டி, முட்டையும் கூமுட்டையா?"

"அடைக்கோழி பக்கத்துல ரொம்பக் குனியாதீங்க தளவாய். மூக்கு பத்திரம்."

பௌர்ணமியும் வந்தது. காலையில் கட்டைப் பிரித்தாகிவிட்டது. சபை கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறது. கோழி கூடையை விட்டு எழவே இல்லை!

"எழுந்திருக்க வலுவில்லை மகாராஜா! மோதிரத்தைக் கழட்டச் சொல்லுங்க!" என்று குதித்தான் தளவாய். "டேய், மசாலா அரைங்கடா!"

ராஜா கையை நீட்டினார். காளத்தி மோதிரத்தைத் திருகினார். மோதிரம் விரலை விட்டுப் பாதி வந்துவிட்டது. 'ஆத்தா, எழுந்திருடி' என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அப்போது இறகுக்கடியிலிருந்து தட்டையாக ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. முந்தின நாள் பொரித்த வாத்துக் குஞ்சுகள்! சிம்மாசனத்துக்கு எதிரே முற்றம், முற்றத்தில் அல்லிக்குளம். தண்ணீரைக் கண்டால் வாத்து நிற்குமா? வரிசையாக ஆடி ஆடிப் போய்த் தொபுக், தொபுக்!

குஞ்சுகள் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்த கோழிக்கு உயிரே போய்விட்டது. "கெக்கெக்கே!" என்று அலறிக்கொண்டு கூடையை விட்டுப் பாய்ந்தது. இடது கால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஓடியது! ரெண்டு காலாலும், சிம்மாசனத்தை உரசிக்கொண்டு ஓடியது!

"செல்லாது! பிடிங்க அதை!" என்று குறுக்கே விழுந்தான் தளவாய். கோழி அவன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. எழுந்தவன் பாசிப் படியில் காலை வைத்தான். சர்ர்ர்ரென்று குளத்துக்குள்ளே போனான். மிதந்த தலைப்பாகை மேல் ரெண்டு வாத்துக் குஞ்சு ஏறி உட்கார்ந்துகொண்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தளவாய், கரையேறாதீர்! பெத்தவ அங்க கத்துறா பாரும். அவ புள்ளைங்களை ஒண்ணு விடாம நீர்தான் கரை சேர்க்கணும்!"

இடுப்பளவுத் தண்ணீரில் தளவாய் குஞ்சு பிடித்தான். ஒவ்வொரு குஞ்சைக் கரையில் விடும்போதும் கோழி அவன் கையில் ஒரு கொத்து போட்டது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தி கழுத்தில் போட்டார். அதோடு விட்டாரா? "மந்திரியாரே, அந்த இடது காலுக்கு நாளைக்கே ஒரு தங்கத் தண்டை செஞ்சு மாட்டும். நல்ல கனமா!"

"உத்தரவு, மகாராஜா," என்று காளத்தி பவ்யமாகக் குனிந்தார். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இப்போதுதான் கூடின எலும்பு, அதில் தங்கத்தை மாட்டவாவது!

மாட்டவே இல்லை.