வடக்கு மூலையின் சட்டம்

அல்லிக்குளத்தில் நாச்சி என்றொரு ஆமை இருந்தது. அந்தக் குளத்தின் வடக்கு மூலையில் ஒரு மணல்திட்டு. கோடையில் ஆமைகள் அங்கேதான் முட்டையிடும். 'குஞ்சு பொரிக்கும்வரை குளம்புள்ள எந்த மிருகமும் வடக்கு மூலையில் இறங்கக் கூடாது' என்பது குளத்துச் சட்டம். குளத்து உயிர்களெல்லாம் கூடி, ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது.

அடடா, அதெல்லாம் ஒரு காலம்! காட்டெருமைகள் தாகத்தோடு தடதடவென்று ஓடிவரும். வடக்கு மூலையைக் கண்டதும் பதவிசாகத் திரும்பி, தெற்குக் கரைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். குஞ்சுகள் பொரிந்து வெளியே வரும் நாளில் குளமே திருவிழாக் கோலம்தான். தவளைகள், "வழி விடு! வழி விடு!" என்று தொண்டை கிழியக் கத்தும். குஞ்சுகளைத் தின்னவும் சட்டம் இடம் கொடுக்காது. பாவம் கொக்கு, எச்சில் ஊற ஊற முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும்! அதைப் பார்த்து நாச்சிக்குச் சிரிப்புத் தாங்காது.

இந்த வருடமும் நாச்சி முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடியது. அது நிமிர்ந்து பார்க்கும்போது, காரி என்ற காட்டெருமை தன் கூட்டத்தோடு எதிரே நின்றது.

"ஏய் காரி! கண்ணு தெரியலையா? இது வடக்கு மூலை!"

"தெரியுது நாச்சியக்கா. ஆனா பெருங்காட்டுச் சபையில புதுச் சட்டம் போட்டாச்சு. காட்டுல எந்தத் தண்ணியிலும் எந்த மிருகமும் எந்தப் பக்கமா வேணும்னாலும் இறங்கலாம்!"

"அது காட்டுச் சட்டம். இது எங்க குளம்!"

"உங்க குளம் எங்க இருக்கு? காட்டுக்கு வெளியிலயா?"

பக்கத்தில் இருந்த தொந்தன் தவளை துள்ளிக் குதித்தது. "நியாயம் கேப்போம்! நீதிபதி ஐயா சாயங்காலம் இங்கதான் தண்ணி குடிக்க வருவாரு. அதுவரைக்கும் யாரும் இறங்கக் கூடாது!"

காரியும் சரி என்றது. சாயங்காலம் நீதிபதி யானை வந்து, இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டது. பெருமூச்சு விட்டது.

"குளத்துச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா குளத்துச் சட்டமும் காட்டுச் சட்டமும் மோதினா, காட்டுச் சட்டம்தான் நிக்கும். ஆளுக்கொரு குளம், குளத்துக்கொரு தடைன்னு ஆயிட்டா, காடு தீப்பிடிக்கிற அன்னைக்கு உயிர் பிழைக்க எங்கம்மா ஓடுறது?"

"ஐயா, நீங்க அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் மாத்திடக் கூடாதா?"

"நான் சட்டம் போடுறவன் இல்லம்மா. இருக்கிறதைப் பாத்துச் சொல்றவன். போடுறது சபை. சரி, சபைக்கு உங்க குளத்துலருந்து யாரை அனுப்பினீங்க?"

நாச்சி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

குளத்துத் தேர்தல் என்றால் இவர்களுக்கு அப்படியொரு கொண்டாட்டம். கரையெல்லாம் அல்லித் தோரணம் கட்டி, பாட்டுப் பாடித்தான் ஓட்டுப் போடுவார்கள். போன தடவை அது முடிந்த கையோடு காட்டுத் தேர்தல் வந்தது. "அக்கா, ஆலமரத்தடியில ஓட்டாம். போலாமா?" என்று தொந்தன் கேட்டபோது, நாச்சி என்ன சொன்னது தெரியுமா? "இப்பத்தானேடா குளத்துல போட்டோம்! ஒரு ஓட்டுப் போதாதா? அம்மாந்தூரம் எவன் நடக்கிறது!" என்றது. எல்லாரும், "அதுதானே!" என்று தண்ணீருக்குள் முங்கிவிட்டார்கள். எருமைகளோ நொண்டிகளையும் தள்ளிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டன. அவர்கள் ஆள் ஜெயித்தது.

"எங்களைத் திட்டாதீங்க அக்கா," என்றது காரி. "கன்னுகளுக்குத் தண்ணி கிடைக்கணும்னுதான் சட்டம் கேட்டோம். உங்க முட்டையைப் பத்திச் சொல்ல அங்க ஒரு ஆளும் இல்லை. எங்களுக்கும் தோணலை."

கன்றுகள் தாகத்தில் கத்தின. தெற்குக் கரைக்குச் சுற்றிப் போகக் கூட்டத்துக்குப் பொறுமையில்லை. முட்டி மோதிக்கொண்டு வடக்கு மூலையில் இறங்கிவிட்டது. அவை தண்ணீர் குடித்துவிட்டுப் போனபோது மணல்திட்டு சேறாகிக் கிடந்தது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. நாச்சி அந்தச் சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதது. நாசமாய்ப் போன அந்தச் சோம்பலை நினைத்து நினைத்து அழுதது.

மறுநாள் தொந்தன் குளமெல்லாம் தேடியது. நாச்சியைக் காணோம்! கடைசியில் காட்டுப் பாதையில், செடிகளுக்கு நடுவே அது மெல்ல மெல்ல ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"எங்கக்கா கிளம்பிட்டே?"

"ஆலமரத்துக்கு. ஓட்டுப் போட."

தொந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா! அடுத்த தேர்தலுக்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கே!"

"தெரியும்டா. என் நடைக்கு இப்பவே கிளம்பினாத்தான் போய்ச் சேர முடியும்."

நாச்சி நிற்கவில்லை. தொந்தனின் சிரிப்பு அடங்கிப் போயிற்று. "நீ முன்னால போய்க்கிட்டே இரு அக்கா. அன்னைக்கு நான் ஒருத்தரை விடாம எல்லாரையும் இழுத்துட்டு வந்துடுறேன்!" என்று கத்திவிட்டு, குளத்தைப் பார்த்துத் தாவி ஓடியது.

பக்கத்துச் சபையானாலும் தூரத்துச் சபையானாலும், நாம் ஓட்டுப் போடப் போகாத இடத்தில் நம் தலையெழுத்தை மற்றவர்கள்தான் எழுதுவார்கள்.