முப்பத்தேழு குதிரைகள்

கரட்டுக் குன்றின் அடியில் குடிசை போட்டிருந்த சாமிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. வருவார், வாசல் கூட்டுவார், கிணற்றில் நாலு வாளி இறைத்து வைப்பார், போய்விடுவார்.

அன்று அவர் எதையும் செய்யவில்லை. வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள்ளிருந்து பறைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"யாருக்கு?" என்றார் சாமி.

"என் தம்பி சென்னியப்பனுக்குங்க. விடியால போயிட்டான்."

"நீங்க இங்கே உட்கார்ந்திருக்கீங்க."

"அவன் மக வந்து கூப்பிட்டா. 'பெரியப்பா, நீங்க வந்து வாய்க்கரிசி போட்டாத்தான் அப்பாவை எடுப்போம், பொழுது இறங்கற வரைக்கும் பார்ப்போம்'னு நின்னு அழுதா. ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சாப் போறேனுங்க சாமி. இல்லாட்டிப் போகமாட்டேன்."

"கேளுங்க."

"என்னோட முப்பத்தேழு குதிரை எங்கே போச்சு?"

"கொள்ளு ஒழுங்கா வெச்சீங்களா?"

"கேலி பண்ணாதீங்க சாமி. வயிறு எரிஞ்சு கேக்கறேன்."

எரிந்துதான் கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. அதன் வாயில் வீணாகப் போகும் அனலை வைத்து ஒரு எஞ்சின் ஓட்டலாம் என்பது நாச்சிமுத்துவின் எண்ணம். அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர் அவர். மணிக்கு அறுநூற்று நாற்பது கிலோ கலோரி சூடு என்றால் ஒரு குதிரைசக்தி என்பது அங்கே கற்ற பாடம். சூளை வாயிலிருந்து மணிக்கு இருபத்தையாயிரத்து அறுநூறு போகிறது. வகுத்துப் பார்த்தார். நாற்பது குதிரை. கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்காடு வரைக்கும் ஏற்றி, தரிசு முழுவதையும் வெற்றிலைக் கொடிக்கால் ஆக்கிவிடலாம்.

தம்பி கடைசல் பட்டறைக்காரன். சிலிண்டரையும் பிஸ்டனையும் அவன்தான் கடைந்து கொடுத்தான். ஓட்டினார்கள். மூன்று குதிரைக்கு மேல் எஞ்சின் இழுக்கவில்லை.

"இவ்வளவுதாண்ணா வரும்" என்றான் தம்பி.

"நாப்பதுன்னு கணக்கு சொல்லுது. மீதியை நீ முழுங்கிட்டியாடா?" என்றார் அண்ணன்.

பொறாமையில் பிஸ்டனை வேண்டுமென்றே தளர்த்திக் கடைந்துவிட்டான் என்று டீக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், சம்பந்தி வீட்டிலும் போய்ச் சொன்னார். தம்பி பட்டறையை மூடிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டான். எஞ்சினை நம்பி நட்ட கொடிக்கால் காய்ந்தது. எதிரே வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலியைப் பார்த்து நடந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவன் மகளுக்குக் கல்யாணம் ஆகி, பேரனும் பிறந்து பள்ளிக்கூடம் போகிறான். நாச்சிமுத்து எதற்கும் போகவில்லை.

சாமி எழுந்து உள்ளே போனார். கழுத்து வரைக்கும் தண்ணீர் நிறைத்த ஒரு செம்பைக் கொண்டுவந்தார். வேப்பமரத்து வேர்ச்சந்தில் அது அசையாதபடி இறுக்கி வைத்தார். அதன் கழுத்தில் வடக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"இழுங்க. மோர் கடையற மாதிரி."

"எதுக்குங்க?"

"பதில் வேணும்னீங்களே."

நாச்சிமுத்து இழுத்தார். கயிறு கிறீச்சிட்டது. தோள் வலித்தது, மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் தோல் கன்றிவிட்டது. சாமி போதும் என்று சொல்கிற வரைக்கும் விடவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"விரலை விட்டுப் பாருங்க."

"வெதுவெதுங்குதுங்க. பத்து டிகிரி ஏறியிருக்கும்."

"இந்தச் சூடு எத்தனை வாளி இறைக்கும்?"

கணக்கு என்றதும் நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. "ஒரு லிட்டர் தண்ணி, பத்து டிகிரி. பத்து கிலோ கலோரிங்க. ஒரு கிலோ கலோரி நானூத்தி இருபத்தேழு கிலோவை ஒரு மீட்டர் தூக்கும். உங்க கிணறு பத்து மீட்டர், வாளி பதினஞ்சு கிலோ..." உதடு அசைந்தது. "இருபத்தெட்டு வாளிங்க சாமி. கொஞ்சம் மிச்சமும் இருக்கும்."

"இருபத்தெட்டு வேண்டாம். ஒரே ஒரு வாளி இறைக்கச் சொல்லுங்க."

நாச்சிமுத்து செம்பைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"அதெப்படிங்க இறைக்கும்?"

"கணக்குத் தப்பா?"

"கணக்கு சரிதானுங்க."

"அப்போ இறைக்கும். பாருங்க."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து செம்பின் முன்னால் குந்தினார். மூடி போட்டு அடைத்தால்? ஆவியாகாது, சூடு பத்தாது. குழாய் வைத்தால்? எதைத் தள்ளும்? பல்லைக் கடித்தார். ஒரு வாளி. ஒரே ஒரு வாளி. மர நிழல் நீண்டு கிணற்றைத் தாண்டிப் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பறைச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. மறுபடி எழுந்தபோது அடி மாறியிருந்தது. சத்தம் ஊரைவிட்டு நகர்ந்து ஆற்றுப்பக்கம் போயிற்று.

நாச்சிமுத்து பாதி எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"தூக்கிட்டாங்க" என்றார். "போறான். என் முப்பத்தேழையும் எடுத்துக்கிட்டே போறான். அந்த எஞ்சின்கிட்ட நானும் அவனும் மட்டும்தானுங்க இருந்தோம். அவன் எடுக்காம வேற யார் எடுத்தா?"

சாமி கண்ணைத் திறந்தார்.

"செம்பைத் தொடுங்க."

தொட்டார். ஆறிப்போய்க் கிடந்தது.

"இருபத்தெட்டு வாளிச் சூடு இருந்ததே?"

"இருந்துச்சுங்க."

"எங்கே?"

நாச்சிமுத்துவின் கன்றிப்போன கை செம்பின் மேலேயே இருந்தது.

"இங்கேயும் நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்" என்றார் சாமி. "யார் எடுத்தது?"