பெட்டிக்கு வந்த தாழ்ப்பாள்

கதவுப் பிடியை யாரோ மெல்லத் திருகும் சத்தம் அன்று இரவும் கேட்டது. பல்கலைக்கழக விடுதியில் கைக்குழந்தையோடு தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரியில் யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள், ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று காலையில் கட்டட அதிகாரி தணிகாசலத்திடம் சொன்னாள். "ஒரு தாழ்ப்பாளுக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாதும்மா" என்றார் அவர், நிமிராமலே.

"சரிங்க சார். எல்லா ரூமுக்கும் நெட் வயர் போற பெட்டி வராந்தா சாரல்ல நனையுது. இணைப்பு போனா உங்களைத்தான் கேப்பாங்க. என் ரூம்ல மாட்டிக்குங்க."

அவர் முகம் மலர்ந்தது. உடனே தச்சருக்குப் போன் போட்டார். "முதல்ல அந்த ரூமுக்கு நல்ல தாழ்ப்பாளாப் போடுய்யா. விலை உயர்ந்த சாமான் இருக்கும், ராத்திரி எவனாவது உள்ள புகுந்தா?"

"நானும் அதைத்தான் சார் சொன்னேன்" என்றாள் ஜெசிந்தா, குழந்தையை இடுப்பில் சரிசெய்தபடி.

அவர் மறுபடி கோப்பில் குனிந்துகொண்டார்.

அன்றிரவு பெட்டியின் பச்சை விளக்குகள் சுவரில் மினுங்க, அவள் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.