நாலாவது கல்

மருத மரங்கள் சாய்ந்து நிழல் போடும் ஓர் ஆற்று மடு. அந்த மடுவின் கரையில் அல்லி என்றொரு நீர்நாய் இருந்தாள்.

கூழாங்கல் ஆட்டத்தில் அவளை மிஞ்ச அந்த ஆற்றில் ஆள் கிடையாது. மணலில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். மூன்று கற்களை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி வீசிப் பிடிப்பாள். ஒரு கல் கையில் இருக்கும்போதே ஒன்று வந்துகொண்டிருக்கும், ஒன்று போய்க்கொண்டிருக்கும். இந்த அம்மானை ஆட்டத்தைப் பார்க்கக் கொக்குகள்கூட மீனை மறந்துவிட்டு நிற்கும்.

பிறகு பொட்டு பிறந்தாள்.

குட்டி பிறந்த அன்றே அல்லிக்கு ஆறு வேறு ஆறாகிவிட்டது. அவள் நீந்தி வளர்ந்த அதே தண்ணீர்தான். இப்போது பார்த்தால் எங்கும் சுழல், எங்கும் முதலை. ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பொட்டு தும்மினால் பயம். தும்மாமல் வெகுநேரம் தூங்கினால் அதைவிடப் பயம். குட்டியின் மூக்கருகே காதை வைத்துப் பார்ப்பாள். அங்கே மூச்சு வந்தால்தான் இங்கே இவளுக்கு மூச்சு வரும்.

மற்ற நீர்நாய்க் குட்டிகள் இரண்டு மாதத்தில் தண்ணீரில் இறங்கிவிடும். பொட்டுவுக்கு மூன்று மாதம் முடிந்தும் பாதம் நனையவில்லை. எங்கே போனாலும் அல்லி அவளைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டே போவாள்.

"அதுதான் சரி," என்பாள் பக்கத்துப் பொந்தில் இருந்த நண்டக்கா. "பிடிச்சதை விடக்கூடாது. நான் எதையாவது பிடிச்சுட்டு விட்டதாக் கேள்விப்பட்டிருக்கியா?"

கேள்விப்பட்டவர்கள் யாரும் இல்லை. நண்டக்கா தன் முப்பது குஞ்சுகளையும் வயிற்று மடிப்புக்குள் இறுக்கி வைத்திருந்தாள். ஒன்றைக்கூட ஒரு நாளும் கீழே இறக்கியதில்லை.

ஒருநாள் காலையில் மருத மரத்து மந்தி உச்சிக்கிளையிலிருந்து குரல் கொடுத்தது.

"அல்லி, மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஆத்துல வெள்ளம் வந்துடும். உன் வளை முழுகிப் போகும். அக்கரைப் பாறைக்குப் போற வழியைப் பாரு."

அல்லி அக்கரையைப் பார்த்தாள். இக்கரை தாழ்ந்த கரை, வெள்ளத்துக்கு நிற்காது. அக்கரைப் பாறைதான் மேடு. நடுவிலோ ஆறு.

"வாயில கவ்வு, இறுக்கிக் கவ்வு, ஒரே மூச்சுல போயிடு," என்றாள் நண்டக்கா.

அல்லி அப்படியே செய்தாள். பொட்டுவைப் பிடரியில் கவ்விக்கொண்டு ஆற்றில் பாய்ந்தாள். ஓரத்தில் இழுப்பு தெரியவில்லை. நடு ஆற்றில் இழுப்பு அதிகம். அல்லியின் மூக்கு தண்ணீருக்கு மேலே இருந்தது. அவள் வாயில் தொங்கிய பொட்டுவின் மூக்கோ தண்ணீருக்குள்ளே இருந்தது. குட்டி கால்களை உதைத்தாள். அல்லி பயந்துபோய் இன்னும் இறுக்கினாள். குட்டி இன்னும் உதைத்தாள்.

எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கரை ஏறி மணலில் விட்டதும் பொட்டு இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள்.

"அம்மா, கழுத்து வலிக்குது."

பிடரியில் நான்கு பல் தடங்கள் சிவந்து கிடந்தன. அல்லி அவற்றை நக்கிவிட்டாள். நக்க நக்க அவள் உடம்பெல்லாம் நடுங்கியது.

அம்மா நடுங்குவதைப் பொட்டு பார்த்தாள். ஓடிப்போய் வளைக்குள்ளிருந்து மூன்று கற்களையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக இன்னொரு கல்லையும் கொண்டு வந்தாள். பழுப்பு நிறம், நடுவில் வெள்ளைக் கோடு.

"ஆடு அம்மா. ஆடினா உனக்குச் சரியாயிடும். இது என் கல்லு. இதையும் சேத்துக்கோ."

"நாலு எனக்கு வராதுடா கண்ணு."

"ஒரே ஒரு தடவை."

கேட்பது யார்? பிடரியில் பல் தடத்தோடு நிற்கிற பிள்ளை. அல்லி மல்லாந்து படுத்தாள். நான்கையும் வீசினாள். இரண்டு கற்கள் நடுவில் டக்கென்று முட்டிக்கொண்டன. ஒன்று மணலில் புதைந்தது. ஒன்று நேராக அவள் மூக்கில் விழுந்தது.

மந்தி கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியும் சேர்ந்து குலுங்கியது.

"ஏண்டி அல்லி, கல்லு வீசுறியா, மூக்குக்கு மை தீட்டுறியா? மூணு கல்லை ஆடற மாதிரியே நாலையும் ஆடுறே. கை மாத்தினா முட்டத்தானே செய்யும்? இந்தக் கைக் கல்லு இந்தக் கைக்கே வரட்டும், அந்தக் கைக் கல்லு அந்தக் கைக்கே வரட்டும். அப்புறம், ஏன் ஒரு சாணுக்கு மேல போகவே மாட்டேங்குது? தூரமாப் போயிடும்னு பயமா?"

"உயரப் போட்டா எங்கே விழும்னு யாருக்குத் தெரியும்?"

"உயரப் போட்டாத்தான் உனக்கு நேரம் கிடைக்கும். கிட்டக்கவே வெச்சுக்கிட்டா நாலும் ஒண்ணா வந்து விழும். ரெண்டு கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

சொல்லிவிட்டு மந்தி தன் குட்டிக்குப் பேன் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதற்கு இதெல்லாம் போகிறபோக்கில் சொன்ன பேச்சு.

அல்லி கற்களைப் பொறுக்கினாள். இந்தக் கைக்கு இரண்டு, அந்தக் கைக்கு இரண்டு. முதல் கல்லைத் தூக்கிப் போட்டாள். கல் கையை விட்டு மேலே மேலே போனது. கண் தானாகக் கைக்குப் போனது. கல் தவறியது.

"கையைப் பாக்காதே அம்மா. மேலே பாரு," என்றாள் பொட்டு.

அல்லி மேலே பார்த்தாள். கல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் அடுத்த கல்லை விட அவளுக்கு நேரம் இருந்தது. விட்டாள். மறு கையிலும் விட்டாள். முதல் கல் தன் கைக்கே வந்து உட்கார்ந்தது. இரண்டு சுற்று. நாலு சுற்று. எட்டு சுற்று. நான்கு கற்களும் இரண்டு நீரூற்று மாதிரி எழுந்து விழுந்தன. வெள்ளைக் கோடு போட்ட கல் வெயிலில் மின்னியது.

ஆடி முடித்ததும் பொட்டு பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

"அம்மா, உனக்கு ரெண்டு கைதானே? மத்த ரெண்டு கல்லை யாரு பிடிச்சிருந்தா?"

"யாரும் பிடிக்கலைடா."

"அப்ப ஏன் தொலைஞ்சு போகலை?"

அல்லி கொஞ்சம் யோசித்தாள். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன்ல," என்றாள் மெதுவாக. "வர்ற இடத்துல கை வெச்சிருந்தேன்."

சொன்ன பிறகு தன் சொல் தன் காதிலேயே விழுந்தது. எழுந்து உட்கார்ந்தாள். ஆற்றைப் பார்த்தாள். பல் தடத்தைப் பார்த்தாள்.

"பொட்டு, வா. தண்ணியில இறங்கு."

முதலில் வயிறு நனையும் தண்ணீர். பிறகு கால் எட்டாத தண்ணீர். பொட்டு கத்தினாள், முழுகினாள், சிரித்தாள். உச்சி வெயில் சாய்வதற்குள் வாலைத் துடுப்பாக்கித் திரும்பக் கற்றுக்கொண்டாள். அதற்குள் ஆற்றின் நிறம் கலங்கத் தொடங்கியது. இனிக் காத்திருக்க முடியாது.

அல்லி தன் மூன்று கற்களைக் கரையிலேயே விட்டாள். பொட்டுவின் கல்லை மட்டும் வாயில் வைத்துக்கொண்டாள். வாய் சும்மா இருந்தால் கவ்வத் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும்.

இருவரும் இறங்கினார்கள். பொட்டு முன்னால் நீந்தினாள். ஆறு எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கமாக அல்லி நீந்தினாள், ஒரு வால் தூரத்தில்.

நடு ஆற்றில் ஓர் அலை வந்தது. பொட்டுவைக் காணவில்லை.

"அடிப்பாவி, பிள்ளையைக் கைவிட்டுட்டியே!" என்று கரையிலிருந்து அலறினாள் நண்டக்கா.

கல்லைத் துப்பிவிட்டு, குட்டி மறைந்த இடத்தில் பாயத்தான் அல்லிக்குத் தோன்றியது. பாய்ந்திருந்தால் வெறும் தண்ணீர்தான் கிடைத்திருக்கும். அவள் பொட்டு போன இடத்தைப் பார்க்கவில்லை. வரப்போகும் இடத்தைப் பார்த்தாள். இழுப்போடு ஓர் உடம்பு நீளம் கீழே வழுக்கிப்போய் அங்கே கையை வைத்துக் காத்தாள்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

கைக்குக் கீழே ஈரத்தலை ஒன்று முட்டிக்கொண்டு மேலே வந்தது. வந்ததும் பொட்டு தும்மினாள். அந்தத் தும்மலுக்கு மட்டும் அல்லி பயப்படவில்லை.

பொட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. உந்தித் தள்ளிக்கொண்டு மறுபடி நீந்தினாள்.

அக்கரைப் பாறையில் ஏறியதும் அல்லி கல்லைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கி முடித்து இக்கரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நண்டக்கா, கையைத்தான் விட்டேன். கைவிடலை."

பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வந்தது. அல்லியின் வளை இருந்த இடம் தெரியவில்லை. நண்டக்காவின் பொந்தும் போனது.

மறுநாள் வெயில் வந்தபோது பாறை இடுக்கிலிருந்து நண்டக்கா ஏறி வந்தாள். அவள் பிடித்திருந்த வேரோடு சேர்த்து வெள்ளம் அவளை அக்கரையில் கொண்டுவந்து போட்டிருந்தது. அவள் வயிற்று மடிப்பு காலியாக இருந்தது.

"அக்கா, முப்பதுமா போச்சு?" என்று பதறினாள் அல்லி.

"எங்கே போகும்? வேரைப் பிடிக்கிற அவசரத்துல வயித்தை இறுக்க மறந்துட்டேன். எல்லாம் இறங்கிடுச்சுங்க. அங்கே பாரு, பாறை பூரா அதுங்கதான். கூப்பிட்டா ஒண்ணாவது திரும்பிப் பாக்குதா?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கண்கள் இரண்டையும் நீட்டி நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கல்லுதான் இருக்கு," என்றாள் பொட்டு. "வேற மூணு கல்லு நான் எடுத்துட்டு வரவா?"

"ஓரமாவே நீந்து," என்றாள் அல்லி.

பதில் முடிவதற்குள் தண்ணீர் சளக்கென்றது. அல்லி பாறை விளிம்பில் வந்து படுத்தாள். குட்டி மறைந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வரப்போகும் இடத்தில், கண்ணை வைத்துக்கொண்டாள்.

கையை விடுவது வேறு, கைவிடுவது வேறு. கல்லானாலும் பிள்ளையானாலும், நேரத்தில் விட்டுவிட்டு வருமிடத்தில் காத்திருக்கும் கைக்கே அது திரும்பி வரும்.