இன்ஸ்பெக்டர் நெய்த பட்டு

"இந்தக் கோடு எனக்கு அடங்க மாட்டேங்குது டீச்சர்" என்றார் கோட்டைச்சாமி.

ஜெசிந்தா அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

அரக்கு நிறப் பட்டு. அதில் தங்க மாங்காய்கள். நடுநடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டியது மாதிரி.

"எத்தனையோ ரவுடிகளை ஊரை விட்டே ஓட வச்சிருக்கேன். இது ஓடலை."

ஜெசிந்தா கையிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கோட்டைச்சாமி ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். பணியில் இருந்த காலத்தில் அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினால், டீக்கடை பெஞ்சுகள் தாமாகவே உள்ளே போய்விடும் என்பார்கள். இப்போது திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் போட்டோஷாப் கற்றுக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவள் உள்ளே வந்தால் விறைப்பாக எழுந்து நிற்பார். அவள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். சேர்ந்து படித்த பெண்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு என்ன நினைத்தார்களோ, அவர்களும் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வந்த காரணம் இதுதான். வைகாசியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் மகள் பூங்கொடி பார்த்துக்கொண்டாள். "குடும்பப் படங்களை வச்சு ஓர் ஆல்பம் நானே செய்றேன். மண்டபத்துல பெரிய திரையில போடுவோம். உங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று அவளிடம் மருமகன் முன்னால் வாய் விட்டுவிட்டார். டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்று அதற்குப் பெயர் இருப்பதே அதற்கப்புறம்தான் தெரிந்தது.

மனைவி பஞ்சவர்ணத்திடம் யோகா வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

தொப்பை குறையவில்லையே என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆல்பத்தின் பக்கங்களுக்குப் பின்னணியாக அவளுடைய கல்யாணக் கூரைப்பட்டுப் புடவையையே போடுவது என்று முடிவு செய்தார். அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்து, புடவையை மொட்டைமாடியில் விரித்து, ஒரு மூலையை மட்டும் செல்போனில் படம் எடுத்தார். திரும்ப மடித்து வைப்பதற்குள் வியர்த்து ஊற்றிவிட்டது. திருடர்களின் சிரமம் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

அந்த மூலையைச் சதுரமாக வெட்டி, பக்கம் முழுக்க நிரப்பினார். அப்போதுதான் இந்தக் கோடு.

"எங்க இருக்கு கோடு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஓரத்துல. ஒரு சதுரம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல."

"சதுரத்தை மட்டும் திறங்க."

திறந்தார். தனிச் சதுரத்தில் கோடே இல்லை. பட்டு பட்டாக இருந்தது.

"பாத்தீங்களா? கூட்டத்துல சேந்தா வம்பு பண்ணுது. தனியாக் கூப்பிட்டு விசாரிச்சா ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்குது."

ஜெசிந்தா மெனுவில் எதையோ திறந்து இரண்டு எண்களை அடித்தாள். படம் பாதி தூரம் வலப்பக்கம் நகர்ந்தது, பாதி தூரம் கீழே இறங்கியது. வெளியே போனதெல்லாம் எதிர்ப்பக்கமாக உள்ளே வந்தது. நான்கு ஓரங்களும் சதுரத்தின் நட்டநடுவில் கூட்டல் குறி மாதிரி மோதிக்கொண்டு நின்றன.

"இப்ப ஓரம் எங்க சார்?"

"நடுவுல."

"பிடிங்க."

கோட்டைச்சாமியின் மீசை துடித்தது. "பதுங்கி இருந்தவனை நடுரோட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டீங்களே!"

அன்றைக்குச் சாயங்காலம்வரை உட்கார்ந்து, பக்கத்து இழையை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து வைத்து அதை அழித்தார். மவுஸை அவர் பிடித்திருந்த பிடியில் அது ஒருமுறை சத்தம் போட்டது.

"மெதுவா சார். அது ஓடாது" என்றாள் ஜெசிந்தா.

அடுத்த வகுப்பில் மறுபடியும் எழுந்து நின்றார்.

"கோடு போச்சு டீச்சர். ஆனா பக்கத்துக்கு அம்மை போட்டிருக்கு."

உண்மைதான். பட்டு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். வரிசை தப்பாத புள்ளிகள்.

ஜெசிந்தா சதுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு மாங்காயின் வால் ஓரமாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பஞ்சவர்ணத்துடையது. என்றைக்கோ நெற்றியிலிருந்து உதிர்ந்தது.

"இதைப் பாக்கலையா சார்?"

"பாத்தேன். ஒண்ணுதானே, சின்னதுதானேன்னு விட்டுட்டேன். அவ பொட்டு வேற. அழிக்க மனசு வரலை."

"ஒண்ணுதான்" என்றாள் ஜெசிந்தா. மீண்டும் பக்கத்தை நிரப்பினாள். திரைக்கு மறுபடி அம்மை வந்தது.

கோட்டைச்சாமி வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப மாங்காயே கண்ணுக்குத் தெரியலை டீச்சர். பொட்டுதான் தெரியுது."

"ஆமா."

"அழிச்சிடவா?"

ஜெசிந்தா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அழித்துவிட்டார். புடவையில் ஒட்டியிருந்த நிஜப் பொட்டை மட்டும் அன்று வீட்டுக்குப் போய் எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது சட்டையோடு துவைபட்டுவிட்டது.

பின்னணி தயாரானது. ஓரம் தெரியாத பட்டு. பக்கத்து நாற்காலிப் பெண் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டுத் திரை என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டாள்.

"இனி படங்களை வைங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. எதுலயும் நான் இல்லை."

"எதுலயுமா?"

"மகளுக்குக் காது குத்துறப்ப திருவிழா பந்தோபஸ்து. குடும்பத்தோட கொடைக்கானல் கிளம்பினப்ப தேர்தல். அவ பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்ப ஏதோ ஊர்வலம். மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு, மண்டபத்துலயேதான் இருந்தேன். எல்லாரையும் நிக்க வச்சுப் படம் எடுக்குற நேரத்துக்கு வாசல்ல மந்திரி கார் வந்துருச்சு. வழி விடப் போனேன். திரும்பி வந்தா பந்தி ஆரம்பிச்சிருந்தாங்க."

ஜெசிந்தா ஒரு கடலையை உடைத்தாள்.

"ஆனா வழி கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் அவர். குரல் திடீரென்று தாழ்ந்தது, ரகசியப் பிரிவில் இருந்தவர் மாதிரி. "அடுத்த வகுப்புல காட்டுறேன்."

காட்டினார்.

அவரிடம் நல்ல படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. பதக்கம் வாங்கிய அன்று எடுத்தது. முழுச் சீருடை, தொப்பி, கையில் லத்தி, நேர்ப்பார்வை. ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த முறைப்படியே தன்னைச் சுற்றி வெட்டி எடுத்து, ஒவ்வொரு படத்திலும் ஒட்டியிருந்தார்.

காதுகுத்துப் படத்தில் ஆசாரியின் பின்னால் லத்தியோடு நின்றார். ஆசாரியைக் கைது செய்ய வந்ததுபோல் இருந்தது. குழந்தை அழுததற்கு இப்போது வேறொரு காரணம் கிடைத்துவிட்டது.

கொடைக்கானல் ஏரியில் படகுக்குள் விறைத்து நின்றார். படகு கொஞ்சமும் சாயவில்லை.

ராமேஸ்வரம் கடற்கரையில் எல்லாருடைய நிழலும் இடப்பக்கம் விழுந்திருந்தது. அவருக்கு நிழலே இல்லை.

பேரனின் பிறந்தநாளில் கேக்குக்குப் பக்கத்தில் நின்று, கேக்கைப் பார்க்காமல், எதிரே இருந்த யாரையோ முறைத்தார்.

"எப்படி டீச்சர்?"

பெண்கள் எல்லாரும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் தண்ணீர் குடிக்க வெளியே ஓடினாள்.

ஜெசிந்தா எல்லாப் பக்கங்களையும் சின்னதாக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, திரை முழுக்க ஒன்றாகக் காட்டினாள்.

தொப்பி, மீசை, லத்தி. தொப்பி, மீசை, லத்தி. வரிசை தப்பாத காக்கி.

மகள் தெரியவில்லை. ஏரி தெரியவில்லை. கடல் தெரியவில்லை.

"பேட்டர்ன் நல்லா வந்திருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா.

கோட்டைச்சாமி தொப்பியைக் கழற்றுவதுபோல் தலையைத் தடவிக்கொண்டார். தலையில் தொப்பி இல்லை.

பிறகு மவுஸை எடுத்தார். காதுகுத்திலிருந்து தன்னை நீக்கினார். படகிலிருந்து இறங்கினார். கடற்கரையை விட்டுப் போனார். ஒவ்வொன்றாக எல்லா இடத்திலிருந்தும் வெளியேறினார்.

"மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாப்பாங்க" என்றார், திரையைப் பார்த்தபடியே. "இந்த ஆளு எங்கய்யா இருந்தான்னு கேப்பாங்க. கேக்கட்டும்."

ஜெசிந்தா கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். இதுவரை யாருக்கும் நீட்டியதில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

"கேளுங்க டீச்சர்."

"உங்களை ஒட்டுறப்ப யாரையாவது தள்ளி வச்சீங்களா? ஆளை நகர்த்துறது கஷ்டமாச்சே. நான் இன்னும் அதைச் சொல்லித் தரலை."

"நகர்த்தவே இல்லையே. இடம் இருந்துச்சு."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

சொன்னவர் கடலையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

திரையில் பக்கங்கள் இன்னும் சின்னதாக, வரிசையாக இருந்தன. காக்கி போய்விட்டது. இப்போது வேறொன்று திரும்பத் திரும்ப வந்தது.

காதுகுத்தில் சொந்தக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பஞ்சவர்ணத்தின் இடக்கைப் பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெறும் சுவர்.

படகில் அவளும் மகளும் பலகையின் ஒரு முனையில் ஒண்டியிருந்தார்கள். மீதிப் பலகை காலி.

கடற்கரையில் அவளுக்கு இடப்பக்கம் கொஞ்சம் கடல்.

மகள் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கினார். பஞ்சவர்ணம் தன் அண்ணன் தோளில் கை வைத்திருந்தாள். பாசம் என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். இன்னும் பெரிதாக்கினார். அவளுடைய விரல்கள் அழுந்தியிருந்தன. மச்சானின் ஒரு கால் தரையில் இல்லை. மச்சான் முகத்தில் அவமானம். அவள் அவரை அங்கிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்றார் கோட்டைச்சாமி. "இது தற்செயலா?"

"உங்க கேஸ் சார்" என்றாள் ஜெசிந்தா. "நீங்கதான் விசாரிக்கணும்."

வீட்டுக்குப் போனபோது டிவியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் பஞ்சவர்ணம். பக்கத்தில் துவைத்து மடித்த துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. நாடகத்தில் மாமியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருந்தாள்.

கோட்டைச்சாமி நேராகப் போய் டிவியின் முன்னால் நின்றார்.

"பஞ்சவர்ணம், ஒரு விசாரணை."

"மறைக்குது."

"பழைய போட்டோவெல்லாம் பாத்தேன்."

"யோகாவுல போட்டோவும் பாக்கச் சொல்றாங்களா?"

அவர் அதைக் கேட்காதவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாப் படத்துலயும் உன் இடது பக்கம் ஓர் ஆள் இடம் காலியா இருக்கு. காதுகுத்துல இருக்கு. படகுல இருக்கு. கல்யாணத்துல உங்க அண்ணனையே தள்ளி விட்டிருக்க. அந்த இடம் யாருக்கு?"

பஞ்சவர்ணம் அவரைச் சுற்றி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அதற்குள் மாமியார் உண்மையைச் சொல்லி முடித்திருந்தாள். நாடகத்தில் எல்லாரும் அதிர்ச்சியில் நின்றார்கள்.

"போச்சு" என்றாள் பஞ்சவர்ணம். "என்ன சொன்னாளோ!"

"பதில் வரலை."

"நட்டநடுவுல நின்னுக்கிட்டு வாக்குமூலமா வாங்குறீங்க?"

கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே, துணிக்குவியலை அள்ளித் தரையில் போட்டாள். சோபாவில் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

"மறைக்காம வந்து உக்காருங்க."