வெள்ளச்சியின் கோடை

வெள்ளச்சிக்குக் கோடை என்றாலே ஆகாது. சித்திரை பிறந்ததும் பிடரியிலும் வாலடியிலும் அரிப்பு தொடங்கிவிடும். புளியமரத்தில் போய்த் தேய் தேய் என்று தேய்க்கும். மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து, ரத்தம் கசியும். மழை விழுந்த பிறகுதான் ஆறும். அடுத்த சித்திரையில் மறுபடியும் அதே கதை.

அந்தக் குதிரைக்குச் சொந்தக்காரர் மாறையன். ஒரு பாளையத்தின் குதிரைப்படையில் சண்டை போட்டே ஓய்ந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல், ஏரிக்கரை மடத்தில் இருந்த அருளம்மையைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அருளம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மாறையனுக்கு வெள்ளச்சியை மட்டும் விட மனம் வரவில்லை. கையோடு கூட்டி வந்திருந்தார்.

அந்த வருஷம் ஏரி சீக்கிரமே வற்றிச் சேறாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் சேற்றிலிருந்து பொடிக் கொசுக்கள் புகை மாதிரி கிளம்பிக் குதிரையை மொய்த்தன. மாறையன் வேப்பெண்ணெய் தடவினார். மஞ்சள் அரைத்துப் பூசினார். பூசிய ஈரம் காயுமுன் குதிரை உடம்பை மரத்தில் தேய்த்தது. புண்ணில் ஈ உட்கார்ந்தது. புழு வைத்தது.

"தாயே, அவிழ்த்துவிட்டால் தன்னைத்தானே கிழித்துக்கொள்கிறது. கட்டிப்போட்டால் துடிக்கிறது. நான் என்னதான் செய்வது?"

"பக்கத்தில் இருந்து விசிற முடியுமா?" என்று கேட்டாள் அருளம்மை.

"பொழுதுக்கும் எப்படி இருக்க முடியும்? மடத்து வேலை கிடக்கிறது. தியானம் வேறு."



மாறையன் இரண்டு பக்கமும் முளை அடித்து, தலையைத் திருப்ப முடியாதபடி குதிரையைக் கட்டினார். புண் ஆறட்டும் என்றுதான் கட்டினார். அன்று மாலை தியானத்தில் உட்கார்ந்தபோது குளம்புகள் தரையை உதைப்பது கேட்டது. கனைப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது.

'மருந்து வேலை செய்கிறது' என்று நினைத்தார். மனம் லேசாயிற்று. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவருக்குத் தியானம் கூடியது.

எழுந்து புல் போடப் போனார். ஒரு முளை பிடுங்கிக்கொண்டு கிடந்தது. கயிறு கழுத்தில் இறுகி, கண் திறந்தபடி வெள்ளச்சி செத்துக் கிடந்தது.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அருளம்மையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அதன் நல்லதுக்குத்தானே தாயே கட்டினேன்? நான் செய்தது பாவமா?"

அருளம்மை ஒருநாள் பொழுது சாயும் வேளையில், "என்னோடு வாரும்" என்று ஏரிக்கு அழைத்துப் போனாள். மேல்துண்டை எடுக்கச் சொன்னாள். படித்துறைக் கல்தூணில் அவர் கைகளைப் பின்னால் வைத்துக் கட்டினாள். திரும்பிப் பார்க்காமல் மடத்துக்குப் போய்விட்டாள்.

கொசுக்கள் வந்தன. கழுத்தில், காதில், இமையில் உட்கார்ந்தன. வேல் குத்துக்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். முதலில் அசையாமல் நின்றார். பிறகு முதுகைத் தூணில் தேய்த்தார். தூண் வழுவழுவென்று இருந்தது. தோலைப் பிய்த்து எறிந்துவிடலாம் போல இருந்தது.

"தாயே!" என்று கத்தினார். "தாயே, போதும்!"

மடத்துப் பாதையைவிட்டு அவர் கண் அகலவில்லை. இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்தார்.

இருட்டுகிற நேரத்தில் அருளம்மை வந்து கட்டை அவிழ்த்தாள். மாறையன் படியில் விழுந்து, ரத்தம் வரும்வரை உடம்பைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே அழுதார்.

"தெரிந்துகொண்டேன் தாயே. வெள்ளச்சி என்ன பாடுபட்டது என்று இப்போது தெரிந்துகொண்டேன்."

"இல்லை" என்றாள் அருளம்மை. "நான் வந்து அவிழ்ப்பேன் என்று உமக்குத் தெரியும்."

மாறையன் சொறிவதை நிறுத்தினார். கொசுக்கள் மறுபடியும் வந்து உட்கார்ந்தன. அவர் விரட்டவில்லை.