முப்பத்துநான்கு அட்டையும் இருபத்தைந்து பேரும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஆறாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள்: கரும்பலகை ஒன்று, பெஞ்சுகள் பன்னிரண்டு, டஸ்டர் ஒன்று, முழு சாக்பீஸ் நான்கு, உடைந்தது மூன்று, சுவரில் டிவி ஒன்று, மேசைமேல் வருகைப் பதிவேடு ஒன்று, ரெஜினா டீச்சரின் கைப்பையில் அவருடைய செல்போன் ஒன்று. மனிதர்களில் டீச்சர் ஒருவர். பெயர் எழுதிய பிள்ளைகள் முப்பத்தாறு. ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒருத்தி கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தாள். ஆக, வந்தவர்கள் முப்பத்துநான்கு.

இந்தக் கணக்கை எல்லாம் வைத்திருந்தது வருகைப் பதிவேடு. அதற்குக் கூச்சம் அதிகம். யார் பேச்சிலும் தலையிடாது. ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அன்றைய பாடம் பின்னம். டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டார், நாலாகப் பிரித்தார், எட்டாகப் பிரித்தார். எட்டில் ஒன்றைவிட நாலில் ஒன்று பெரியது என்று மூன்று முறை சொன்னார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே நீட்டி முழங்கியது.

கரும்பலகைக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர். "கேட்டியா பதிவேடு? ஒத்தக் குரல். ஒரு பிசிறு இல்லை" என்றது.

அன்று ரெஜினா டீச்சர் இன்னொன்றும் செய்தார். பையிலிருந்து முப்பத்தாறு அட்டைகளை எடுத்து, வந்தவர்களுக்குப் பதிவேட்டு எண் வரிசைப்படி கொடுத்தார். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று. நாலு பக்கமும் அ, ஆ, இ, ஈ. எது விடையோ அந்தப் பக்கத்தை மேலே வைத்து அட்டையைத் தூக்க வேண்டும். டீச்சர் போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். எந்த எண்ணுக்காரர் என்ன சொன்னார் என்று போன் படித்துவிடும்.

'எது பெரியது?' என்பது கேள்வி. சரியான விடை நாலில் ஒன்று, 'ஆ' பக்கம்.

நெட் ஜன்னல் ஓரத்தில்தான் கிடைக்கும். டீச்சர் போனை ஜன்னலுக்குக் கொண்டுபோனதும் டிவியில் பெயர்கள் வரிசையாக வந்தன. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. பச்சை பதின்மூன்று. சிவப்பு இருபத்தொன்று.

கரும்பலகைக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்தது.

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்த இசக்கியம்மாளின் பெயர் சிவப்பில் எல்லாருக்கும் மேலே நின்றது. வரிசையில் அவள் பெயர் முதலில் வருவதுதான் காரணம்.

"ஏ, இசக்கிதாம்லே சிவப்புல ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றான் பின்னாலிருந்து சுடலைமணி. அவன் பெயரும் சிவப்பில்தான் இருந்தது. இருபதாவதாக, அடியில், யார் கண்ணிலும் படாமல்.

வகுப்பு சிரித்தது. இசக்கி மட்டும் டிவியைப் பார்க்காமல் பெஞ்சின் மரக்கீறலை நகத்தால் நோண்டினாள்.

பதிவேட்டுக்கு மனம் கனத்தது. ஜூன் முதல் அறுபத்திரண்டு நாள் பள்ளி நடந்திருக்கிறது. அறுபத்திரண்டு நாளும் இசக்கி வந்திருக்கிறாள். அவ்வளவு நாளும் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன தடுமாற்றம் என்பது பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னங்களைக் கூட்டும் பாடம் தொடங்கப் போகிறது. இதில் பிடியை விட்டவள் அதில் எங்கே ஏறுவாள்?

புதன்கிழமை டீச்சர் பாடத்தை மறுபடி நடத்தினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். அட்டைகள் உயர்ந்தன. ஜன்னல் ஓரம் போய்ப் பார்த்தால் முப்பத்துநான்கும் பச்சை.

டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ வெள்ளிக்கிழமை அடுத்த பாடம் போயிரலாமா?"

"போலாம் டீச்சர்."

பிள்ளைகள் சத்துணவுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டீச்சரும் போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றது போன், கரும்பலகையிடம். "நீங்க வருசக்கணக்கா 'புரிஞ்சுது'ன்னு கேட்டு நம்பிக்கிட்டு இருந்தீங்க. நான் ரெண்டே நாள்ல ஆளாளுக்குக் கணக்கு எடுத்துட்டேன். மீதம் பூஜ்யம்."

கரும்பலகைக்கு முதல் நாள் பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

பதிவேட்டுக்குத்தான் அந்தப் பூஜ்யம் உறுத்தியது. நேற்று இருபத்தொன்று, இன்று ஒன்றுமில்லையா? அது கூச்சத்தை விட்டு மெல்லக் கேட்டது. "தம்பி, நீ எதை எண்ணினே?"

"அட்டையத்தான். முப்பத்திநாலு அட்டை."

"அட்டையைப் பிடிச்ச ஆளை?"

"எனக்கு ஆள் தெரியாது அக்கா. கறுப்புக் கட்டம் தெரியும். அதைத்தான் தேடுவேன்."

அப்போது மூன்றாவது பெஞ்சு தொண்டையைச் செருமியது. "சொன்னா கோவிச்சுக்கப்பிடாது. என் மேல மூணு பிள்ளைக. அட்டையத் தூக்கினது ரெண்டு பேருதான். இசக்கிக்குப் பக்கத்துல இருக்க ஜெபா, கைக்கொண்ணா ரெண்டு பிடிச்சிருந்தா. இசக்கி கை ரெண்டும் என் மேலதான் கிடந்துச்சு. வேர்வையில நனைஞ்சிருந்துச்சு."

"டீச்சர் பாக்கலையா?" என்று கேட்டது பதிவேடு.

"அவுக கண்ணு போன்லல்லா இருந்துச்சு."

"என் மேலயும் ஒருத்தன்" என்றது ஏழாவது பெஞ்சு. "எங்கிட்ட ரெண்டு பேர்" என்றது கடைசி பெஞ்சு. பன்னிரண்டு பெஞ்சும் சொல்லி முடித்ததும் பதிவேடு கூட்டிப் பார்த்தது. அட்டை முப்பத்துநான்கு. அதைத் தூக்கிய பிள்ளைகள் இருபத்தைந்து. தூக்காதவர்கள் ஒன்பது.

போனின் வெளிச்சம் மங்கியது. கரும்பலகைக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வருத்தப்படாதே தம்பி" என்றது. "நான் சத்தத்தை எண்ணினேன், நீ அட்டையை எண்ணினே, பதிவேடு தலையை எண்ணிச்சு. மூணும் மூணு கணக்கு. அந்தப் பிள்ளைக்குப் புரியலைங்கறதை எவனும் எண்ணலை."

"நான் பேரைச் சிவப்புல போட்டதாலதான் இப்படி ஆயிட்டுதோ?"

"போட்டே. போட்டதை அழிக்கவும் மாட்டே" என்று குறுக்கே விழுந்தது டஸ்டர். அதற்கு எப்போதும் நாக்கு நீளம். "எங்கிட்ட விட்டிருந்தா ஒரே இழுப்பு."

கரும்பலகை சற்று யோசித்தது. "நாளைக்கு டீச்சர் உன் திரையில உள்ள பேர்ச் சக்கரத்தைச் சுத்துவாகளே, யாரு எந்திரிச்சு வரணும்னு பேர் எடுக்க? இசக்கியை எங்கிட்ட அனுப்பு."

"எல்லார் முன்னாலயுமா? பாவம் அண்ணாச்சி."

"எங்கிட்ட வர்றவ வகுப்புக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும். கண்ணு கலங்கினாலும் என்னைத் தவிர யாரு பாக்கப் போறா?"

போன் பதிவேட்டைப் பார்த்தது. சக்கரம் யார் பக்கமும் சாயக் கூடாது என்பது அதன் சத்தியம். பதிவேடும் ஒரு புள்ளி மாற்றி வைத்தறியாதது. இசக்கி பெயருக்கு நேரே உள்ள கட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு தடவை மட்டும்" என்றது பதிவேடு. "எண்ணிக்கிட்டே இருப்பேன்."

வியாழக்கிழமை சக்கரம் சுற்றி இசக்கியம்மாள் பெயரில் நின்றது.

அவள் மெதுவாக வந்தாள். உடைந்த சாக்பீஸ் ஒன்று தானாக அவள் கையில் ஏறியது போல இருந்தது. எட்டில் ஒன்று, நாலில் ஒன்று. எது பெரியது என்று எழுதச் சொன்னார் டீச்சர். அவள் எட்டில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"நேத்து கார்டுல சரியாத்தானே காமிச்சே?"

இசக்கி கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றாள். வகுப்புக்குத் தெரிந்தது அவள் முதுகுதான்.

"புரியலை டீச்சர்" என்றாள்.

அந்த அறையில் அந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை. ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். "அவ கார்டை நாந்தான் பிடிச்சேன் டீச்சர். டிவில செவப்புல பேரு வருதுன்னு அழுதா."

டீச்சர் திரும்பி டிவியைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "அது என் தப்பு" என்றார். ஜன்னலுக்குப் போய் போனில் இரண்டு இடத்தில் தொட்டார். டிவி இருண்டது. "இனிமே பேரு எனக்கு மட்டுந்தான் தெரியும். சரி, சொல்லு இசக்கி. எட்டுல ஒண்ணு எப்படிப் பெரிசாச்சு?"

"நாலை விட எட்டு பெரிசுல்லா?"

"உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"எட்டு டீச்சர்."

"உங்க அப்பா ஒரு பாளம் கடலைமிட்டாய் வாங்கிட்டு வர்றாரு. எட்டுப் பேருக்கும் பங்கு வச்சா?"

"பல்லுல ஒட்டுறதுக்குத்தான் காணும்."

வகுப்பு சிரித்தது. இது வேறு சிரிப்பு. இசக்கியும் சேர்ந்து சிரித்தாள்.

"நாலு பேரு விருந்துக்குப் போயிட்டாங்க. இருக்கிறது நாலு பேரு. இப்போ?"

"அப்போ பெரிசா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பலகையில் தான் போட்ட வட்டத்தைப் பார்த்தாள். டஸ்டரைத் தானே எடுத்தாள். ஒரே இழுப்பு. நாலில் ஒன்றைச் சுற்றிப் புது வட்டம் விழுந்தது.

டீச்சர் அப்புறம் அதே மிட்டாயை எல்லாருக்குமாகப் பலகையில் வரைந்து வெட்டிக் காட்டினார். போன் புதுக் கேள்வி ஒன்றைக் கொடுத்தது: மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, எது பெரியது? இந்த முறை விடை வேறு பக்கத்தில் இருந்தது. டீச்சரும் முதலில் முகங்களைப் பார்த்தார், பிறகுதான் போனைப் பார்த்தார்.

போன் அட்டைகளை எண்ணியது: முப்பத்துநான்கு. பெஞ்சுகள் ஆட்களை எண்ணின: முப்பத்துநான்கு. சரி இருபத்தேழு. மீதம் ஏழு.

"வெள்ளிக்கிழமை புதுப் பாடம் வேண்டாம்" என்றார் டீச்சர். "இன்னும் ஏழு பேருக்குப் புரியலை. அவங்களுக்கும் புரிஞ்ச பிறகு போவோம்." யார் அந்த ஏழு பேர் என்று சொல்லவில்லை.

அதில் ஒருத்தி ஜெபா. அவள் முந்தின நாள் முன் பெஞ்சைப் பார்த்து 'ஆ' பிடித்தவள். இன்றும் பழக்கத்தில் 'ஆ' பிடித்துவிட்டாள்; பக்கத்திலிருந்த இசக்கி அதைப் பார்த்திருந்தாள். சத்துணவு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, நீ என் கார்டைப் பிடிச்ச மாதிரி நான் உன் கார்டைப் பிடிக்க மாட்டேன்" என்றாள் இசக்கி. பாவாடைப் பையிலிருந்து ஒரே அளவுக் கடலைமிட்டாய் இரண்டை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். "இதை மூணு பங்கா உடை. அடுத்ததை ஒம்பதா உடை. எது வேணும்னு நீயே எடுத்துக்க."

ஜெபா உடைத்தாள். இரண்டு குவியலையும் பார்த்தாள். பெரிய துண்டில் கை வைத்தாள்.

"ஏன் அது?"

"மூணு பேரு பங்கு அது. அதான் பெரிசு" என்றாள் ஜெபா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

மூன்றாவது பெஞ்சு அதைக் கேட்டது. மேசையில் இருந்த பதிவேட்டுக்குச் சொல்லியனுப்பியது. பதிவேடு தன் கணக்கில் ஏழு என்பதை அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டது.

மீதம் ஆறு.